மாவில் பதிந்த ஐந்து விரல்

அரிசிப் பையில் ஓட்டை. குசினிச் சுவரோரம் ஓடித் திரியும் மூஞ்சூறின் வேலைதான் என்று வீட்டில் முடிவாகி, எலிப்பொறியும் வாங்கியாகிவிட்டது. எனக்கு மனம் ஒப்பவில்லை. பொறி வைக்க முதல் சில இரவுகள் பார்க்கிறேன் என்று மனைவியிடம் தவணை கேட்டேன். களுவாஞ்சிகுடியில் மழை விட்டு விட்டுப் பெய்கிற நாட்கள், இரவில் வேறு வேலையும் இல்லை.

முதல் இரவு டோர்ச் அடித்ததும் ஓடிவிட்டது. மறுநாள் டோர்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டினேன். சரியாக வந்தது. கண்ணை நம்பாத பிராணி, சுவரை மூக்கால் தடவித் தடவியே நடக்கிறது. காஸ் சிலிண்டருக்கு அடியில் ஒரு கரப்பானைப் பிடித்து மொறுமொறு என்று தின்றது. காலையில் இரண்டு செட்டை மட்டும் கிடந்தன.

அப்புறம் கோதுமை மா தூவிப் பார்த்தேன். முதலில் தடிப்பாகப் போட்டதால் தடம் எல்லாம் சரிந்துவிட்டது. அடுத்த இரவு தேயிலை வடியால் மெல்லிசாகத் தட்டினேன். விடிய, பூதக்கண்ணாடியோடு குந்தியிருந்து எண்ணினேன். சுவரோரத் தடத்தில் முன்காலிலும் ஐந்து விரல். அரிசிப் பைக்குப் பக்கத்தில் முன்கால் விரல் நான்குதான். எலிக்குத்தான் முன்காலில் நான்கு. மூஞ்சூறுக்கு நாலு காலிலும் ஐந்து.

மூஞ்சூறு எலிச்சாதியே இல்லை, மண்ணுக்குள் வாழும் 'மோல்' என்ற பிராணிக்கும் முள்ளெலிக்கும்தான் உறவு. எலிப்பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கொறித்துத் தேய்க்க வேண்டும். இதன் பல் அப்படி வளராது. பூச்சியைக் குத்திப் பிடிக்கிற கூர்ப்பல். ஆனாலும் 1766இல் லின்னேயஸ் என்ற விஞ்ஞானி வைத்த அறிவியல் பெயரிலேயே 'முரினஸ்', அதாவது எலி போன்றது என்று ஒட்டிக்கொண்டது. மூஞ்சூறு நாறும் என்பது உண்மைதான். விலாவில் இருக்கும் சுரப்பியிலிருந்து வருகிறது.

ஒன்பதாம் இரவு மனைவியும் வந்து இருந்தா. தாய் முன்னால், அதன் வாலடி மயிரைக் கவ்வியபடி ஒரு குட்டி, அதைக் கவ்வியபடி இன்னொன்று, மறுகா மூன்றாவது. ஒரே கயிறு இழுபடுவதுபோல அம்மியைச் சுற்றிப் போயின. தாய் நின்றால் எல்லாம் நின்றன. கடைசிக் குட்டி வழுகியும் வாயை விடவில்லை.

"இஞ்சாருங்க, அந்தப் பொறிய எடுங்க," என்றா மெதுவாக.

அரிசி இப்போது மூடி போட்ட தகரப் பீப்பாவில். கூரையோரம் எலி வந்த ஓட்டையைச் சீமெந்து வைத்து அடைத்தேன். கதவின் கீழிடுக்கை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன், மூஞ்சூறு வந்து போகிற வழி அது.