வியாழனுக்குள்

மார்ச் 6, வெள்ளி

பெரியம்மாவின் குரல் பதிவில் மீண்டும் அந்த 'டிக்' ஓசை விழுந்திருக்கிறது. மைக்கின் மீது எனக்குச் சந்தேகமில்லை. இதே மைக்கும் இதே யுஎஸ்பி சவுண்ட் கார்டும் தம்பியின் மடிக்கணினியில் சுத்தமாகப் பதிவு செய்கின்றன. குறை என் லினக்ஸ் கணினியின் பக்கம்தான்.

மார்ச் 7, சனி

இன்று பைப்வயரை விலக்கிப் பார்த்தேன். கார்டிலிருந்து வரும் ஒலியை முதலில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலுள்ள, ஒலியைக் கவனிக்கும் அல்சா டிரைவர் வாங்குகிறது. அதைச் செயலிகளுக்குப் பங்கிட்டுத் தருவதுதான் பைப்வயரின் வேலை. அதை நிறுத்திவிட்டு, டெர்மினலில் 'ஏரெக்கார்டு' கட்டளையால் கார்டிலிருந்து நேரடியாகப் பதிவு செய்தபோதும் ஓசை விழுந்தது. ஆகவே, எல்லோரும் முதலில் திருத்தச் சொல்லும் பைப்வயர் அமைப்புக் கோப்பு இந்த நோய்க்கு மருந்தல்ல.

மார்ச் 8, ஞாயிறு

பெரியம்மாவுக்கு இருமல் அதிகம்; பதிவு எதுவும் செய்யவில்லை.

மார்ச் 9, திங்கள்

பென் டிரைவில் கோப்பை நகலெடுக்கும்போது தரவின் ஒரு பகுதி கெட்டுப்போனால், கணினி அதை மறுபடியும் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஒலிக்கு அந்தச் சலுகை கிடையாது. ஐசோக்ரோனஸ் என்னும் முறையில், என்னுடையதைப் போன்ற 12 மெகாபிட் வேகக் கருவியிலிருந்து மில்லிவினாடிக்கு ஒருமுறை தரவு வருகிறது. 48,000 ஹெர்ட்ஸில் பதிவு செய்தால் ஒவ்வொரு முறையும் 48 மாதிரிகள், அதாவது ஒலியின் 48 அளவீடுகள். வழியில் தவறியது தவறியதுதான். அதைத் திரும்பக் கேட்பதற்கு அந்த முறையில் இடமில்லை. நேரம் தவறாமல் வர வேண்டும் என்பதற்காக, ஒன்றுவிடாமல் வர வேண்டும் என்பதைக் கைவிட்டிருக்கிறார்கள். உரையாடலுக்கு அதுவே சரியென்று புத்திக்குத் தெரிகிறது. ஆனாலும், விடுபட்ட அந்த 48 மாதிரிகள் எந்தச் சொல்லுக்கு உரியவை என்று, அலைவடிவத்தைப் பெரிதாக்கி நள்ளிரவு தாண்டியும் தேடிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

பிடிபட்டது. யுஎஸ்பி இணைப்புகளை 'எல்எஸ்யுஎஸ்பி' கட்டளையால் கிளைப்படமாகக் கேட்டபோது, சவுண்ட் கார்டு, வெப்கேம், வெளி ஹார்டு டிஸ்க் மூன்றும், ஒரு யுஎஸ்பி துளையைப் பலவாகப் பிரித்துத் தரும் ஒரே ஹப்பில் தொங்குவது தெரிந்தது. அந்த ஹப்புக்குத் தனி மின் இணைப்பு இல்லை. போதாததற்கு, மெதுவான கார்டின் தரவை 480 மெகாபிட் தடத்துக்கு மாற்றித் தரும் வேலையும் அதன் தலையில்தான். கார்டை மட்டும் கழற்றிக் கணினியின் பின்புறத் துளையில் நேரடியாகச் செருகினேன். நெடுநேரம் பதிவு செய்தும் ஓசை இல்லை.

மகிழ்ச்சி நிலைக்கவில்லை. கணினியை மறுதொடக்கம் செய்ததும், 1 என்ற எண்ணில் இருந்த கார்டு 2-க்குப் போய்விட்டது. வெப்கேமின் மைக்கும் அல்சாவுக்கு ஒரு சவுண்ட் கார்டுதான் என்பதால், அது 1-ஐப் பிடித்துக்கொண்டது. கவனிக்காமல் இருந்திருந்தால், பெரியம்மா பேசப்பேச, மூலையில் இருக்கும் வெப்கேம் மின்விசிறியின் இரைச்சலைப் பதிவு செய்துகொண்டிருக்கும். இனி கட்டளையில் கார்டின் எண் வராது, பெயர்தான் வரும்.

மார்ச் 11, புதன்

காலையில், இரண்டு பதிவுகளுக்கு இடையில் கார்டு உறங்கிவிடாதபடி, அதன் மின்சேமிப்புக் கோப்பில் 'ஆன்' என்று எழுதினேன். மறுதொடக்கத்தில் அது பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பதால் கருவி இணையும்போதெல்லாம் தானாக அமலாகும் யுடெவ் விதியாகவும் சேர்த்தேன்.

பெரியம்மா காரைக்குடி வீட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். முழுவதையும் ஹெட்போனில் கேட்டுவிட்டேன், சுத்தமாக இருக்கிறது. நாளை காலையிலிருந்து பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால், இன்று மாலையும் உட்காரலாம் என்கிறார். வெப்கேமைக் கழற்றியே வைத்திருக்கிறேன்.