கல்லுப்பு செய்த வேலை

சனிக்கிழமை காலை எழுந்து பார்த்தால் தொட்டியில் 11 கப்பி மீன்கள் மிதக்கின்றன. கொன்றது நான்தான். சிங்கப்பூர்த் தேக்காவில் வாங்கிய கல்லுப்பைப் போட்டுக் கொன்றேன்.

இத்தனைக்கும் துவாஸில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கழிவுநீரிலிருந்து அம்மோனியாவை எடுப்பதுதான் என் வேலை. இந்த மாதம் முழுக்கப் பழுப்பு நிலக்கரியும் ஜியோலைட்டும். இரண்டையும் பொடித்து, கழிவுநீர் பாட்டிலில் போட்டுக் குலுக்கி, எது எவ்வளவு பிடிக்கிறது என்று அளக்கிறோம். நிலக்கரி இந்தோனேசியாவிலிருந்து வந்தது. ஆனால் ஈரமான அந்த மண்வாசனை, நெய்வேலிக்காரனான எனக்கு அப்பாவின் வேலைச் சட்டையை ஞாபகப்படுத்திவிட்டது.

இளம் நிலக்கரி என்பதால்தான் அதற்கு மதிப்பு. அதில் இன்னும் அமிலத் தன்மையுள்ள தொகுதிகள் மிச்சமிருக்கின்றன. அவை அம்மோனியம் அயனியை, அதாவது தண்ணீரில் மின்னேற்றத்தோடு இருக்கும் அம்மோனியாவை, பிடித்துக்கொள்ளும். நன்றாக முற்றிய ஆந்த்ரசைட்டுக்கு அந்தக் குணம் குறைவு. கடையில் விற்கும் ஆக்டிவேட்டட் கார்பனும் நிறம், நாற்றம், குளோரின் இவற்றுக்குத்தான் லாயக்கு. சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லச் சேர்க்கும் குளோரமைன் இருக்கிறது; குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது அது. கார்பன் அதை உடைக்கும், உடைத்ததில் வரும் அம்மோனியாவைத் தண்ணீரிலேயே விட்டுவிடும். அதற்காகத்தான் என் வடிகட்டியில் கார்பனுக்குப் பக்கத்தில் ஒரு பை ஜியோலைட் வைத்திருந்தேன்.

ஜியோலைட் நுண்துளைகள் நிறைந்த கனிமம். துளைகளுக்குள் சோடியம் உட்கார்ந்திருக்கும். அம்மோனியம் வந்தால் எழுந்து இடம் கொடுக்கும். ஏட்டுக் கணக்கில் கிளினோப்டிலோலைட் என்ற ஜியோலைட் வகை ஒரு கிராமுக்கு 28 மில்லிகிராம் நைட்ரஜன் வரை பிடிக்கும். நிஜக் கழிவுநீரில் பொட்டாசியமும் கால்சியமும் அதே நாற்காலிக்குப் போட்டி போடுவதால் அதில் ஒரு பகுதிதான் தேறும். சரி, நிறைந்துவிட்டால்? உப்புக் கரைசலை ஊற்றுவோம். சோடியம் கூட்டமாக வந்து அம்மோனியத்தை வெளியே தள்ளிவிடும், கல் மறுபடி புதுசாகும். ஆய்வுக்கூடத்தில் வாரம் தவறாமல் இதைச் செய்கிறேன்.

வெள்ளிக்கிழமை இரவு அம்மா, "தம்பி, மீனுக்கெல்லாம் வெள்ளைப் புள்ளி வந்திருக்குடா" என்றார். புள்ளி நோய்க்கு உப்பு நல்லது. கப்பிக்கு உப்பு ஒத்துக்கொள்ளும். லிட்டருக்கு 3 கிராம் கணக்கு போட்டுக் கரைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். வடிகட்டிக்குள் அந்தப் பை இருப்பது நினைவிலேயே இல்லை. மாதக்கணக்கில் சேர்த்து வைத்ததை அது ஒரே ராத்திரியில் கக்கியிருக்கிறது.

காலையில் சோதனைக் குப்பியில் தண்ணீர் கரும்பச்சையாக மாறியது; அம்மோனியா எக்கச்சக்கம் என்று அர்த்தம். பவளத் துண்டுகள் போட்டிருந்ததால் தண்ணீரின் கார அளவைக் காட்டும் பிஹெச் 8. பிஹெச் 7 ஆக இருந்தால் வெளியே வந்த அம்மோனியத்தில் 1 சதவீதம்கூட நச்சான அம்மோனியாவாக மாறியிருக்காது. 8-இல், நம் ஊர் வெயிலுக்கு, 20-இல் ஒரு பங்குக்கும் மேல். மீனுக்கு அது போதும்.

பாதித் தண்ணீரை மாற்றி, பையை எடுத்து, வாளியில் நல்ல அடர்த்தியாக உப்புக் கரைத்து ஊற வைத்தேன். அம்மா வாளியைப் பார்த்து, "இதுக்கு வேற உப்பா?" என்றார். பதில் சொல்லவில்லை.

ஊறிய தண்ணீரைக் கழிவறையில் ஊற்றினேன். எங்கள் வீடு இருக்கும் ஈசூனிலிருந்து அது ஆழ்சுரங்கக் குழாய் வழியாகச் சாங்கி கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். மிச்சத்தை அங்கிருக்கும் பாக்டீரியா பார்த்துக்கொள்ளும்.