ஹோய் ஆன் நாட்குறிப்பு: அக்கா எப்போது வரலாம்?

பிப்ரவரி 11, 2025

வியட்நாமில் ஹோய் ஆனுக்குக் குடிவந்து பத்து நாள். வேலை தா நாங்கில், வீடு முப்பது கிலோமீட்டர் தெற்கே இங்கே. ஏன் இவ்வளவு தூரம் என்று ஆபீசில் கேட்டார்கள். ஆற்றங்கரை பிடிக்கும் என்றேன், சிரித்தார்கள்.

வெப்பமண்டல ஊர்தானே என்று ஒரு ஸ்வெட்டர்கூட எடுக்காமல் வந்துவிட்டேன். ராத்திரி 18, 19 டிகிரி. நாள் முழுக்கத் தூறல், அதுவும் குடை பிடிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்க வைக்கிற தூறல். யோசித்து முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிடும். துவைத்துப் போட்ட ஜீன்ஸ் மூன்றாவது நாளாகக் கொடியில் தொங்குகிறது, இப்போது வாடை வேறு அடிக்கிறது.

இன்று நமக்குத் தைப்பூசம். இவர்களுடைய சந்திர நாட்காட்டியில் முதல் மாதத்தின் 14ஆம் நாள். மாதாமாதம் இந்த 14ஆம் நாள் ராத்திரி பழைய நகரத்தில் மின்விளக்குகளை அணைத்துவிட்டு விளக்குக் கூடுகளை மட்டும் ஏற்றுகிறார்கள், ஆற்றில் காகித விளக்குகளை மிதக்கவிடுகிறார்கள். எல்லாம் அழகாகத்தான் இருந்தது, நிலாவைத்தான் காணோம். மேகம்.

அக்காவுக்குப் படம் அனுப்பினேன். உடனே போன். "மே லீவுல வரட்டுமா, இல்ல தீபாவளி சமயமாடா?" ஒரு வருஷம் இருந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவ்வளவு பொறுமை அவளுக்கு ஏது.

மார்ச் 13

திடீரென்று வேறு ஊர். இரண்டு வாரமாக மழையே இல்லை, காலையில் இருபத்திரண்டு, மதியம் இருபத்தெட்டு, சுவரெல்லாம் மஞ்சளாக வெயிலில் மின்னுகிறது. து போன் ஆறு குளத்துத் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடக்கிறது. இன்று மறுபடி 14ஆம் நாள், இந்தத் தடவை நிலாவும் வந்தது.

பகலில் டான் கீ வீட்டுக்குப் போனேன். பழைய வணிகர் வீடு, 200 வருடத்துக்கும் மேலானது என்கிறார்கள். எல்லோரும் மரத்தூணையும் முத்துச்சிப்பி பதித்த எழுத்துகளையும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண் போனது ஒரு சுவர்ப் பக்கம். குழந்தைகள் உயரத்தைக் கதவில் குறித்து வைப்போமே, அதுபோல வெள்ளம் வந்த வருடங்களை அது ஏறிய உயரத்தில் குறித்திருக்கிறார்கள். சில என் இடுப்பளவு, சில தலைக்கு மேல். 1964 எல்லாவற்றுக்கும் மேலே, அண்ணாந்து பார்க்க வேண்டும். மேல்தளத் தரையில் ஒரு திறப்பு, அதன் மேல் மரச்சட்டம். வெள்ளம் வந்தால் சட்டத்தை எடுத்துவிட்டுச் சரக்கையெல்லாம் கயிறு கட்டி மேலே தூக்கிவிடுவார்களாம். கட்டும்போதே வெள்ளத்துக்கு இடம் விட்டுக் கட்டிய வீடு.

எந்த மாதத்து வெள்ளம் என்று அங்கே இருந்த பெண்ணைக் கேட்டேன். பத்தும் பதினொன்றும் என்று விரலில் காட்டினாள். இதை அக்காவிடம் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 6

காலை ஐந்து மணிக்கே கிளம்பி மீ சோன். இங்கிருந்து 40 கிலோமீட்டர் அளவு. முன்பு இந்தப் பகுதியை ஆண்ட சம்பா அரசர்கள் 4ஆம் நூற்றாண்டிலிருந்து 13ஆம் நூற்றாண்டு வரை கட்டிய செங்கல் கோயில்கள், பெரும்பாலும் சிவனுக்கு. இங்கே சிவன் பெயர் பத்ரேஸ்வரர், கட்ட ஆரம்பித்த அரசன் பத்ரவர்மன். அரசன் தன் பெயரைச் சாமிக்கு வைப்பது ராஜராஜேஸ்வரத்தில் நமக்குப் பழகியதுதான் என்றாலும், இவ்வளவு தூரம் வந்து அதைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பெரிய கோபுரம் போய்விட்டது. மிச்சத்தைச் சரிசெய்தவர்களில் நம் தொல்லியல் துறையும் உண்டு. அந்த வேலையில்தான் 2020இல் 9ஆம் நூற்றாண்டு மணற்கல் லிங்கம் ஒன்று முழுதாகக் கிடைத்தது.

சுற்றிலும் மலை, காற்று நுழையாத பள்ளத்தாக்கு. எட்டரை வரை சொர்க்கம். பத்து மணிக்குச் செங்கல் அனலடிக்க ஆரம்பித்துவிட்டது. ஏப்ரலிலேயே இப்படி. மே லீவு என்று அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது, அவளுடைய சின்னவனும்.

ஏப்ரல் 30

வியட்நாம் போர் முடிந்து 50 வருடம், நாடு முழுக்க விடுமுறை. நாளை மே தினம். பழைய நகரத்து ஜப்பானியப் பாலத்தில் நிற்க இடமில்லை. ஒன்றரை வருடத்துக்கு மேல் பழுதுபார்த்து 2024 ஆகஸ்டில்தான் மறுபடி திறந்தார்கள். 20,000 டோங் நோட்டில் இருக்கிற அதே பாலம். நோட்டில் பார்ப்பதே மேல் போலிருந்தது இன்று.

ஜூன் 22

வெயில். எழுதக்கூடத் தோன்றவில்லை. 37 டிகிரி, மேற்கே மலையைத் தாண்டி இறங்குகிற வறண்ட காற்று. லாவோஸ் காற்று என்று பெயர் வைத்துப் பக்கத்து நாட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டார்கள். பதினொன்றிலிருந்து மூன்று வரை தெருவில் நடப்பது வெளிநாட்டுக்காரர்கள் மட்டும்தான். நானும் வெளிநாட்டுக்காரன்தான், ஆனால் இந்த வெயில் எனக்குத் தெரியும்.

கடல் மட்டும் இப்போது அருமை. ஆன் பாங் கடற்கரையில் அலையே இல்லை, சாம் தீவுகளுக்குப் படகு தினமும் போகிறது. கடலுக்காக வருகிறவர்களுக்கு இதுதான் பருவம், உள்ளூர்க் கூட்டமும் அதனால்தான். ஊரைப் பார்க்க வருகிறவர்கள் மதியத்தை அறைக்குள்தான் கழிக்க வேண்டும்.

ஜூலை 1

இன்றிலிருந்து ஹோய் ஆன் இருந்த குவாங் நாம் மாகாணம் இல்லை, தா நாங்கோடு சேர்த்துவிட்டார்கள். நான் வீடு மாறாமலேயே ஆபீஸ் இருக்கிற நகரத்துக்குக் குடிபோய்விட்டேன். பயண நேரம் குறையவில்லை.

ஆகஸ்ட் 17

அக்கா டிக்கெட் போட்டுவிட்டாள். நவம்பர் 1. தீபாவளி வாரத்தில் விலை கூடுதல், அதைத் தள்ளிப்போட்டால் குறைவு என்று யாரோ ஒரு ஏஜென்ட், "வியட்நாமுக்கு நவம்பர்தான் மேடம் பெஸ்ட் சீசன்" என்று சொல்லிக் கட்டிவிட்டிருக்கிறார். அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை, அதுதான் எரிச்சல். சைகோனில் நவம்பரில் மழை ஓயத் தொடங்கும், ஹனோயில் இதமான குளிர். ஆனால் நாடு மேலும் கீழுமாக ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் நீளம், நடுவில் இருக்கிற இந்தக் கரைக்குக் கணக்கே வேறு.

ஒரு மணி நேரம் போனில் விளக்கினேன். நம் கரையை நினைச்சுக்கோ அக்கா என்றேன். மேற்கே மலை, கிழக்கே கடல். தென்மேற்குப் பருவமழை கேரளாவிலேயே கொட்டித் தீர்ந்து நமக்கு வெறும் காற்றாக வருகிற மாதிரி, இங்கே லாவோஸ் பக்கமே அது தீர்ந்துவிடுகிறது, அதுதான் அந்த ஜூன் வெயில். அப்புறம் காற்று திரும்பும். வடகிழக்கிலிருந்து கடல் ஈரத்தை வாரிக்கொண்டு வந்து இந்த மலையில் மோதும். அதாவது ஐப்பசி, கார்த்திகை. நமக்கு அடைமழை என்றால் இவர்களுக்கும் அடைமழை, கூடவே புயல். சென்னையில் நவம்பர் மாதச் சராசரி ஏறத்தாழ 350 முதல் 400 மில்லிமீட்டர். தா நாங்கில் அக்டோபரில் மட்டும் சுமார் 600. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மூன்றையும் கூட்டினாலும் இங்கே 100 தேறாது.

இதில் ஆறு வேறு. ங்கோக் லின் மலை 2,598 மீட்டர் உயரம், அந்தப் பக்கத்தில் பிறந்து கடலைச் சேர து போனுக்கு 200 கிலோமீட்டர் அளவுதான். மேலே கொட்டினால் மறுநாள் கீழே. இதற்கு நடுவில் மின் உற்பத்தி அணைகள், அவை திறக்கும்போது தனி அறிவிப்பு.

எல்லாம் கேட்டுவிட்டு, "நீ எப்பவும் பயமுறுத்துவ" என்றாள்.

அக்டோபர் 5

நடு இலையுதிர்கால விழாவுக்கு முந்தைய ராத்திரி. குழந்தைகள் சிங்க வேஷம் கட்டித் தெருத்தெருவாக மேளம் அடிக்கிறார்கள். எட்டு மணிக்கு மழை பிடித்தது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை, சிங்கத்தின் தலைக்கு மேல் பாலிதீன் ஷீட்டைக் கட்டிவிட்டு ஆட்டம் தொடர்ந்தது. இந்த வருடம் நான் பார்த்ததிலேயே நல்ல ராத்திரி இதுதான் என்று நினைக்கிறேன், காலுறை பிழியப் பிழியத் தண்ணீர்.

அக்டோபர் 26

கீழ்வீட்டுப் பாட்டி இன்று காலையிலேயே பிரிட்ஜை நாலு பேரை வைத்து மாடிக்கு ஏற்றிவிட்டார். என் அறை வாசலில்தான் நிற்கிறது. மோட்டார் பைக்குகளையெல்லாம் மேட்டுத்தெருவில் விட்டாகிவிட்டது. டிவியில் ஆற்று மட்டம் ஓடிக்கொண்டே இருக்கிறது. இங்கே எச்சரிக்கை மூன்று படி: 1 மீட்டர், ஒன்றரை, 2 மீட்டர். முதல் படி என்றால் பாட்டி திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அக்டோபர் 28

மூன்றாம் படி எப்போதோ தாண்டிவிட்டது. பாக் டாங் தெரு எது, ஆறு எது என்று தெரியவில்லை. வடக்கே ஹுவேயில் ஒரே நாளில் ஆயிரம் மில்லிமீட்டரைத் தாண்டிக் கொட்டியிருக்கிறது. சென்னைக்கு ஏறக்குறைய ஒரு வருடம் பெய்கிற மழையில் முக்கால் பங்கு இது, 24 மணி நேரத்தில்.

மாடிப்படியில் பதினேழு படி. காலையில் நாலு மூழ்கியிருந்தது, இப்போது ஏழு. மின்சாரம் இல்லை. போனில் 30 சதவீதம் சார்ஜ். அக்காவுக்கு ஒரே ஒரு படம் அனுப்பினேன், படிக்கட்டு. பதிலுக்கு எதுவும் எழுதவில்லை, போன் பண்ணி அழுதாள்.

அக்டோபர் 31

தண்ணீர் இறங்குகிறது. இறங்கும்போதுதான் வேலை. தண்ணீர் முழங்காலளவு இருக்கும்போதே துடைப்பத்தால் சுவரையும் தரையையும் கலக்கி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆறு வடிகிறபோது சேற்றையும் கொண்டுபோகும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த வண்டல் தரையில் படிந்து காய்ந்து சிமென்ட்தான். ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் இறங்கியது, ராத்திரி இரண்டு மணிக்குத் தெருவே எழுந்து பெருக்கியது. பாட்டிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும், என்னைவிட வேகம். நான் தப்பாகப் பெருக்குகிறேன் என்று திட்டும் விழுந்தது: வெள்ளம் போகிற திசையில் தள்ள வேண்டுமாம், நான் எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 4

அக்கா வரவில்லை. ஏஜென்ட் ஹோட்டல் பணத்தில் பாதிதான் தருவேன் என்கிறாராம், விமான டிக்கெட்டுக்குத் தேதி மாற்றும் கட்டணம் தனி. மின்விசா தலைக்கு 25 டாலர், அதில் தேதி குறித்துத்தான் வாங்க வேண்டும், அந்தத் தேதி போனால் போனதுதான், புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். "நான் அப்பவே சொன்னேன்" என்ற வார்த்தையை நாலு தடவை விழுங்கினேன். ஐந்தாவது தடவை முடியவில்லை.

நவம்பர் 23

சரி, இப்போது நிஜமாகவே உட்கார்ந்து கணக்குப் போடுகிறோம். டிசம்பர் அரையாண்டு லீவு வேண்டாம், வெள்ளம் குறைந்திருக்கும் ஆனால் அந்தத் தூறலும் காயாத ஜீன்ஸும். பிப்ரவரியில் இவர்கள் புத்தாண்டு, 17ஆம் தேதி, கடைகள் மூடிவிடும், டிக்கெட் எகிறும். மார்ச் தங்கம், ஆனால் பெரியவளுக்கு முழு ஆண்டுத் தேர்வு. மே, சின்னவன் மீ சோனில் சுருண்டு விழுவான்.

மிச்சம் ஏப்ரல். தேர்வு முடிவது பாதி மாதத்தில். விளக்கு ராத்திரி ஏப்ரல் 1ஆம் தேதி வருகிறது, அது கைக்கு எட்டாது. அடுத்தது ஏப்ரல் 30, சரியாக அந்த விடுமுறைக் கூட்டத்தில். போதாததற்கு 26ஆம் தேதி ஹுங் மன்னர்கள் நினைவு நாள், அதிலிருந்தே கூட்டம் தொடங்கிவிடும். அக்காவுக்கு முதன்முதலில் ஆசை வந்ததே அந்த விளக்குப் படத்தைப் பார்த்துத்தான். கூட்டத்தில் பார்த்தாலும் பரவாயில்லை என்கிறாள். நான் வேண்டாம் என்கிறேன். விளக்குக் கூடுகள் தினமும்தான் எரிகின்றன, அன்று மின்விளக்கு இருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டு நாளாக இதே சண்டை.

டிசம்பர் 7

ஏப்ரல் 17 வந்து 24 திரும்புகிறார்கள். மாமா தலையிட்டு முடித்தார். அமாவாசை அன்று வந்து இறங்குகிறாள், நிலாவே இல்லாத ராத்திரி, அதை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. இருட்டில் விளக்கு நன்றாகத்தான் தெரியும்.

இந்தத் தடவை தேதி மாற்றக்கூடிய டிக்கெட். மீ சோனுக்கு விடிகாலை வண்டி சொல்லியாகிவிட்டது. பாட்டியிடம் அவர்கள் தங்கக் கீழ் அறை கேட்டேன், இன்று சுவரைச் சுரண்டிப் புதிதாக மஞ்சள் அடித்துக்கொண்டிருந்தார். கதவுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு கையகலம் அடிக்காமல் விட்டிருக்கிறார், வெள்ளம் நின்ற கோடு தெரிகிற இடம். கீழே பென்சிலால் 2025 என்று எழுதியிருந்தது.