366 மீட்டர் கப்பலை உள்ளே கொண்டுவருவதற்கு முன்

எங்கள் துறைமுகத்துக்கு அதுவரை வந்ததில் நீளமானது 300 மீட்டர் கப்பல். 366 மீட்டர் நீளமும் 51 மீட்டர் அகலமும் உள்ள கன்டெய்னர் கப்பலைக் கொண்டுவர முடியுமா என்ற பேச்சு வந்ததும், கப்பல்களைத் துறைமுகத்துக்குள் வழிநடத்தும் பைலட்டுகள் நான்கு பேரை, திரையில் கப்பல் ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டர் மையத்துக்கு அனுப்பினார்கள். அதில் நானும் ஒருவன். 2020 ஏப்ரலில் தென்கொரியாவின் பூசான் துறைமுகத்தில் 'மிலானோ பிரிட்ஜ்' கப்பல் மோதி கரையிலிருந்த கிரேன் சரிந்த காணொளியை எல்லோரும் பார்த்திருந்தோம். அதுவும் இதே 366 மீட்டர்தான்.

முதல் நாள் புதுக் கப்பலைத் தொடவே இல்லை. நாங்கள் தினமும் கையாளும் 300 மீட்டர் கப்பலைத்தான் திரையில் ஓட்டச் சொன்னார்கள். கால்வாய் வளைவில் அது லேசாகத் திரும்பிவிட்டது. எனக்கு உறுத்தியது. அடியில் தண்ணீர் குறைவாக இருக்கும்போது கப்பல் அவ்வளவு சுலபமாகத் திரும்பாது. சொன்னோம். பொறியாளர்கள் ஆழம் குறைந்த நீருக்கான கணக்கைத் திருத்தினார்கள், மறுபடி ஓட்டினோம். நேரம் மிச்சம் என்று இந்த நாளை யாரும் விட்டுவிடக் கூடாது. பழகிய கப்பலே திரையில் வேறு மாதிரி நடந்தால், பழகாததை எதை வைத்து நம்புவது?

அப்புறம்தான் சிக்கலே. அலைதடுப்புச் சுவருக்கு வெளியே குறுக்கு நீரோட்டம் 1.5 நாட் வரை ஓடும் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர்). 10 நாட் வேகத்தில் வந்தால் அதற்கு எதிராக மூக்கை ஏறக்குறைய 9 டிகிரி சாய்த்துப் பிடிக்க வேண்டும். அப்போது 51 மீட்டர் அகலக் கப்பல் கால்வாயில் 105 மீட்டரை அடைத்துக்கொள்ளும். 6 நாட் வேகத்தில் வந்தால் சாய்வு 14 டிகிரியைத் தாண்டும், 140 மீட்டர் வேண்டும். அதனால் வெளியே வேகம் வேண்டும். ஆனால் சுவரைத் தாண்டியதும் கப்பலை நிறுத்த இருக்கும் தூரமோ கொஞ்சம்.

திரையில் 6 நாட் ஓட்டத்தில் பின்பகுதி கால்வாயின் ஓரத்தைக் காட்டும் மிதவையை இடித்தது. 10 நாட் வேகத்தில் திரும்பும் இடத்தையே தாண்டிப் போய்விட்டோம். 8 நாட், பின்னால் ஓர் இழுவைப் படகை வெளியிலேயே கட்டிக்கொண்டு நுழைவது என்று வந்தபோதுதான் சரியாக அமைந்தது. அதிலும் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. முதல் இரண்டு நாள் இழுவைப் படகுகளைப் பயிற்சியாளர் கணினியிலிருந்தே இயக்கினார். கேட்டதும் முழு இழுவிசை கிடைத்தது. எங்கள் படகுகளின் மாஸ்டர்களை வரவழைத்துப் பக்கத்து அறையில் உட்கார வைத்ததும் கதை மாறியது. படகு இடம் மாறி, கயிறு விறைக்கும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கட்டளைகளை முன்கூட்டியே கொடுக்கப் பழகினோம். எங்களிடம் சொல்லாமல் இன்ஜினை நிறுத்திய ஓட்டத்திலும் கப்பலைப் பிடித்து நிறுத்தியது அந்தப் பின்படகுதான்.

கடைசியில் ஒரு மிதவையை இடம் மாற்றினார்கள். காற்று 20 நாட் வேகத்தைத் தாண்டினால் நுழைவு இல்லை, மூன்று இழுவைப் படகுகள் கட்டாயம், பகலில் மட்டும் என்று விதி எழுதினோம். இரவு நுழைவுக்கான ஓட்டங்கள் இன்னும் நடக்கவில்லை. அதுவரை விடிவதற்கு முன் வரும் கப்பல் வெளியே நங்கூரமிட்டுக் காத்திருக்கும்.