கண் மஞ்சளாகும் வரை காத்திருக்க வேண்டாம்

மஞ்சள் காமாலை என்றதும் எல்லோரும் கண்ணைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் கல்லீரலில் வைரஸ் தொற்று இருந்தால், அதற்குச் சில நாள் முன்பே அசதி, பசியின்மை, குமட்டல், லேசான காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி எல்லாம் வரலாம். சிறுநீர் கருமஞ்சளாகப் போகும், மலம் வெளுத்துவிடும்.

இந்தக் கல்லீரல் தொற்றைத்தான் ஹெபடைடிஸ் என்கிறோம். அதில் ஏ, இ வகைகள் இரண்டும் அசுத்தமான தண்ணீர், உணவு வழியாக வருபவை. பெரும்பாலும் சில வாரங்களில் தானே சரியாகிவிடும். ஆனால் கர்ப்பிணிக்கு, அதுவும் கடைசி மூன்று மாதங்களில், இ வகை வந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று தயவுசெய்து இருந்துவிடாதீர்கள்.

எனக்கு அதிகக் கவலை தருபவை பி-யும் சி-யும்தான். ரத்தம், சுத்தம் செய்யாத ஊசி, பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கு என்று பரவும். பி உடலுறவு மூலமும் பரவும். பல வருடம் எந்த அறிகுறியும் காட்டாமல் இருந்துவிட்டு, கல்லீரல் சுருக்கத்திலோ புற்றுநோயிலோ கொண்டுபோய் விடலாம். சேர்ந்து சாப்பிட்டாலோ கைகுலுக்கினாலோ இவை ஒட்டாது. இது தெரியாமல் நோயாளியை ஒதுக்கி வைப்பதைப் பார்த்தால் மனசு வலிக்கிறது.

பி-க்குத் தடுப்பூசி உண்டு, பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் டோஸ் போட வேண்டும். சி-க்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் 8 முதல் 12 வார மாத்திரையிலேயே பெரும்பாலானோருக்கு முழுதாகக் குணமாகிவிடுகிறது. இரண்டுமே ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.