லாக் புக்கில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மாணவர்களுக்கு வழிகாட்டும் மென்ட்டர் வேலையை நான் ஆசைப்பட்டு எடுத்துக்கொள்ளவில்லை. புதுச்சேரிப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில், சமுதாய மருத்துவத் துறையில் இருக்கிறேன். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் ஆறு பேரின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

2019ல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மாறியபோது ஏட்காம் என்ற பகுதியும் சேர்ந்தது. மனப்பாங்கு, அறநெறி, பேச்சுமுறை மூன்றும் அதில் அடக்கம். முதல் பாடமே 'மருத்துவராக இருப்பது என்றால் என்ன?' என்பதுதான். வகுப்பு முடிந்ததும் மனதில் பட்டதை எழுதித் தரச் சொன்னேன். ஆறு பேரும் எழுதினார்கள். அதில் நாலு பேருடையது கமா உட்பட ஒன்றேதான், சீனியர்கள் வாட்ஸப்பில் தள்ளிவிட்ட சரக்கு. கோபம்தான் வந்தது. ஆனால் யோசித்தால், பதினெட்டு வயதுப் பிள்ளை வெள்ளை கோட் மாட்டிய மூன்றாவது வாரத்தில் வேறு என்னத்தை எழுதும்?

அடுத்த சந்திப்பில் எழுதவே சொல்லவில்லை. கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு என் கதையைச் சொன்னேன். நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஒரு இறப்பை வராந்தாவில் நின்றபடியே பத்து வினாடியில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். இறந்தவருடைய மகன் என் பின்னாலேயே வந்து, "அப்ப அந்த ஊசி வாங்கிட்டு வர வேணாமா மேடம்?" என்று கேட்டார். கையில் மருந்துச் சீட்டு அப்படியே இருந்தது. இதைச் சொன்ன பிறகுதான் பிள்ளைகள் வாயைத் திறந்தார்கள். ஒருவனுக்கு, உடலை அறுத்துப் படிக்கும் டிஸெக்‌ஷன் ஹாலுக்குப் போன நாளிலிருந்து சோறு இறங்கவில்லையாம். இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை.

மருத்துவக் கல்வியில் மாணவர் திறமையை மதிப்பிட மில்லர் பிரமிடு என்று ஒன்று உண்டு, 1990ல் வந்தது. தெரியும், எப்படி என்று தெரியும், செய்து காட்டுவார், செய்வார் என்று நாலு படி. 2016ல் கனடாவின் குரூஸ் தம்பதியும் ஸ்டைனெர்ட்டும் அதன் உச்சியில் ஐந்தாவதாக 'மருத்துவராகவே ஆகிவிடுவார்' என்ற படியைச் சேர்த்தார்கள். படிக்கும்போது அழகாகத்தான் இருந்தது. ஆவது எப்படி இருக்கும் என்று பார்த்தது பாகூர்ப் பக்கம் ஒரு திண்ணையில்.

மாணவர்கள் கிராமத்துக் குடும்பங்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனித்துவரும் குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்துக்காகப் போயிருந்தோம். என் குழுப் பெண் ஒருத்தி ஒரு பாட்டிக்கு பிரஷர் பார்த்தாள். கையில் சுற்றிய பட்டையைக் கழற்றுவதற்குள் பாட்டி, "டாக்டரு, தலைசுத்தல் நின்னு போச்சு, மாத்திரையை நிறுத்திரலாமா?" என்று கேட்டுவிட்டார். அவள் என்னைப் பார்த்தாள். பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். (வாத்தியார்களுக்கு இதுதான் பெரிய கஷ்டம்.)

"நான் இன்னும் படிச்சிட்டு இருக்கேன் பாட்டி, எனக்கு இது தெரியலை. கேட்டுட்டு வந்து சொல்றேன். அதுவரைக்கும் நீங்களா நிறுத்தாதீங்க."

பாட்டிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "அப்ப நீ சொல்லு" என்று என் பக்கம் திரும்பினார். நிறுத்தக் கூடாது என்று மட்டும் சொன்னேன், ஏன் என்பதை அவளுக்கு விட்டுவைத்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் பேசவில்லை. அந்த வாரம் மூன்றே வரி எழுதியிருந்தாள்: 'டாக்டர் என்று கூப்பிட்டபோது பொய் சொல்வதுபோல் இருந்தது. தெரியவில்லை என்று சொன்னபோது அப்படி இல்லை. ஏன் என்று புரியவில்லை.' அதைத் திருத்தவில்லை, மதிப்பெண்ணும் போடவில்லை.

அடுத்த சனிக்கிழமை யாரும் சொல்லாமல், தோழி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு டவுன் பஸ் பிடித்துப் போய், மாத்திரை சாப்பிடுவதால்தான் பிரஷர் அடங்கியிருக்கிறது என்று பாட்டிக்கு விளக்கிவிட்டு வந்திருக்கிறாள். திங்களன்று, செய்த பயிற்சிகளைப் பதியும் லாக் புக்கை நீட்டி, "இதை எந்தக் கட்டத்துல எழுதுறது மேம்?" என்று கேட்டாள். அதற்கென்று கட்டம் இல்லை. எதிர்பார்ப்புக்குக் கீழ், நிறைவு, மேல் என்று மூன்றில் ஒன்றைத்தான் போட முடியும். பேச்சுமுறை வரிசையில் எழுதச் சொல்லி, 'நிறைவு' என்று போட்டுக் கையெழுத்திட்டேன்.