மலை ஏறுறவளுக்கு எதுக்குத் தனியா எக்ஸசைஸ்?

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் புள்ளக்காம்பரா (வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகிற இடம்) டீச்சராக இருக்கிற எனக்கு இந்தக் கேள்வி பழகிப்போன ஒன்று. மாமியார்மார் கேட்பார்கள், வேலையை மேற்பார்க்கிற கங்காணி கேட்பார், சில நேரம் வயிற்றுப் பிள்ளைக்காரிகளே கேட்பார்கள். கேள்வியிலும் நியாயம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில், சிக்கல் இல்லாத கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்ற தாய்மாரும் கிழமைக்கு 150 நிமிடமாவது மிதமாக உடம்பை அசைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. எங்கள் பெண்கள் அந்த 150 நிமிடத்தைத் திங்கட்கிழமை பகல் கொழுந்து நிறுப்பதற்குள்ளேயே முடித்துவிடுவார்கள்.

ஆனால் வேலை வேறு, பயிற்சி வேறு. கொழுந்து எடுக்கிறவளின் உடம்பு நாள் முழுக்க ஒரே பக்கம்தான் போகிறது. கழுத்து முன்னால், தோள் முன்னால், கை முன்னால், இடுப்பு கொஞ்சம் வளைந்தபடி. கூடைக் கயிறு உச்சந்தலையைப் பிடித்துப் பின்னால் இழுக்கும். இப்போது பல இடங்களில் கூடைக்குப் பதில் பை வந்துவிட்டது, பாரம் மட்டும் அதேதான். ஒரு பேர் (ஒரு நாள் முழுச் சம்பளம்) போட 18, 20 கிலோ என்று கேட்கிற தோட்டத்தில் எவள் நிமிர்ந்து நின்று தோளை உருட்டிக்கொண்டிருப்பாள்? அதனால் இவர்களிடம் "இன்னும் நல்லா நடங்க" என்று சொல்வது பரிகாசம் பண்ணுவது போலத்தான். நான் சொல்வது வேறு. வளைந்த உடம்பை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும், படுக்கையிலிருந்து எழும்புகிற விதத்தை மாற்ற வேண்டும், ஓய்வு எடுக்கிற நேரத்திலாவது முழுசாக ஓய வேண்டும்.

முதலில் வயிற்றுப் பிள்ளைக்காரிகள்.

ஆறாம் மாதத்துக்குப் பிறகு வயிறு முன்னால் தள்ளும்போது உடம்பின் பாரம் இடம் மாறுகிறது, மூட்டுகளும் கொஞ்சம் தளர்ந்துவிடும். ஆனி, ஆடி மழையில் நாங்கள் குடியிருக்கிற லயத்துப் படிக்கட்டெல்லாம் பாசி பிடித்துக் கிடக்கிற நேரம் இது பெரிய ஆபத்து. இறக்கத்தில் நேராக இறங்காமல் உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்து, சின்ன எட்டாக இறங்கச் சொல்வேன். தேய்ந்த பாட்டாச் செருப்பு வேண்டவே வேண்டாம். கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் சுற்றுகிற படங்கை வயிற்றுக்கு மேலே இறுக்கிக் கட்டாமல், வயிற்றுக்குக் கீழே தளர்வாகக் கட்ட வேண்டும். பாரம் குறைந்த வேலை கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. மிட்வைஃப் மிஸ்ஸிடமும் டொக்டரிடமும் சொன்னால் அவர்களே அதற்கு வழி சொல்லுவார்கள்.

பீலியில் (எல்லோருக்கும் பொதுவான தண்ணீர்க் குழாய்) தண்ணீர் பிடித்துத் தூக்குவது இன்னொரு பிரச்சினை. பெரிய கேன் ஒன்றை ஒரு பக்க இடுப்பில் வைத்துத் தூக்குவதைவிட, சின்னதாக இரண்டு எடுத்து இரண்டு கையிலும் சமமாகப் பிடிப்பது நல்லது. குனியும்போது முழங்காலை மடக்கி, பாரத்தை உடம்போடு ஒட்டி, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே தூக்க வேண்டும். மூச்சை அடக்கித் தூக்கினால் அந்த அமுக்கமெல்லாம் கீழேதான் இறங்கும். (இதையெல்லாம் புருஷன்மார் தூக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: தூக்கலாம். தாராளமாகத் தூக்கலாம். யாரும் கையைப் பிடிக்கவில்லை.)

இரவில் குளிருக்குக் கெண்டைக்கால் நரம்பு இழுக்கும். அப்போது காலை நீட்டி, பாதவிரல்களை நம்மை நோக்கி மடக்கினால் இழுப்பு விடும். 28 கிழமை கடந்த பிறகு மல்லாந்து தூங்காமல் பக்கவாட்டில் படுக்க வேண்டும். வயிற்றின் பாரம் முதுகுப் பக்கத்துப் பெரிய இரத்தக் குழாயை அமுக்கும் என்பதுதான் காரணம். பழைய சேலை ஒன்றைச் சுருட்டி முழங்கால்களுக்கு நடுவில் வைத்தால் இடுப்புக்கு நிம்மதி. எழும்பும்போது வயிற்றை இறுக்கி நேராக எழும்பக் கூடாது. ஒருபக்கம் புரண்டு, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றித்தான் எழும்ப வேண்டும். பிள்ளை பெற்ற பிறகும் இதேதான்.

பிளேன்டீயைப் பற்றிச் சொன்னால் என்னோடு சண்டைக்கு வருவார்கள், இருந்தாலும் சொல்கிறேன். கிளினிக்கில் தருகிற இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணீரோடு விழுங்கினால் அதன் பலன் குறைந்துவிடும். தேயிலையில் இருக்கிற டானின் இரும்பு உடம்பில் சேர்வதைக் குறைக்கும். சாப்பாட்டுக்கும் குளிசைக்கும் முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். கல்சியம் குளிசையையும் வேறு நேரத்தில் போடுங்கள். இரத்தம் குறைந்த உடம்பை வைத்துக்கொண்டு எந்தப் பயிற்சியும் செய்ய முடியாது, இரண்டு படி ஏறினாலே மூச்சு வாங்கும்.

இரத்தப்போக்கு, தண்ணீர் உடைந்து போவது, நெஞ்சுவலி, தலைசுற்றல், வயிற்றுப் பிள்ளையின் அசைவு குறைவது, தாங்க முடியாத தலைவலியோடு கண் மங்குவது. இதில் எது வந்தாலும் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "அந்திக் கொழுந்த நிறுத்துட்டுப் போறேன்" என்று நிற்கக் கூடாது.

பிள்ளை பிறந்த பிறகுதான் வீட்டில் ஆளுக்கொரு சட்டம் வரும். என் மாமியாரும் சட்டம் போடுவதில் சளைத்தவர் இல்லை. அவர் செய்ததில் பாதிக்கு மேல் நல்லதுதான். மிளகு, பூண்டு, சீரகம் அரைத்த சரக்குக் குழம்பு, முருங்கைக்கீரை, நெத்தலிக் கருவாடு, இடுப்புக்கு இதமாக வெந்நீர். எதையும் நான் குறை சொல்ல மாட்டேன். கொதிக்கிற தண்ணீரைத் தையல் மேலே அடித்து ஊற்றுவது மட்டும் வேண்டாம். தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று ஒரு டம்ளரோடு நிறுத்துவதும் வேண்டாம். பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் எடுத்தால் குடிக்கத்தான் வேண்டும்.

கரிச்சட்டி விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். எங்கள் குளிருக்கு லயத்து வீட்டு அறையின் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு, தாயும் பிள்ளையும் படுத்திருக்கிற இடத்தில் நெருப்புச் சட்டி வைப்பார்கள். எரிகிற கரியிலிருந்து கார்பன் மொனொக்சைட் வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்கிக்கொண்டிருக்கிறவர் தூக்கத்திலேயே போய்விடலாம். குளிருக்குக் கம்பளி, சொக்ஸ், பிள்ளைக்குத் தொப்பி, தாயின் மார்போடு ஒட்டிய சூடு. இவ்வளவு போதும்.

வயிற்றைக் கட்டுகிற வழக்கமும் உண்டு. மெதுவாகச் சுற்றிய துணி இடுப்புக்குப் பிடிமானம் தரும், அதனால் தவறில்லை. ஆனால் அதனால் வயிறு வற்றும் என்பது வெறும் நம்பிக்கை. மூச்சு முட்ட இறுக்கினால் பாரம் கீழ்ப்பக்கம் தள்ளப்படும். பத்துமாத வயிற்றில் நடுத்தசை இரண்டாகப் பிரிந்து விலகுவது இயல்பு. மல்லாந்து முழங்காலை மடக்கி, தலையை மட்டும் கொஞ்சம் தூக்கி, தொப்புளுக்கு மேலும் கீழும் விரல் வைத்துப் பார்த்தால் இடைவெளி தெரியும். எட்டுக் கிழமை ஆகியும் இரண்டு விரலுக்கு மேல் அகலம் இருந்தால் டொக்டரிடம் காட்டுங்கள். அதுவரை மல்லாந்து படுத்து எழும்புகிற வயிற்றுப் பயிற்சியைப் போனில் பார்த்துச் செய்ய வேண்டாம்.

தீட்டுக் கழிக்கிற நாள் வரை படுத்தே கிடப்பதும் நல்லதல்ல. பிள்ளை பெற்ற கிழமைகளில் காலில் இரத்தம் கட்டுகிற வாய்ப்பு அதிகம். படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டலாம், கணுக்காலைச் சுழற்றலாம். இஸ்தோப்புக்கும் (வாசல் திண்ணை) குசினிக்கும் மெதுவாக நடக்கலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி வலித்தாலோ, திடீரென்று மூச்சு முட்டினாலோ, காய்ச்சல், நாற்றமடிக்கிற போக்கு, துணிக்கு மேல் துணி நனைகிற இரத்தம் என்று எது கண்டாலும் தாமதிக்கக் கூடாது. சிசேரியன் ஆனவர்கள் ஆறு கிழமைக்குப் பிள்ளையைவிடப் பாரமான எதையும் தூக்க வேண்டாம். இருமும்போது மடித்த துவாயைத் தையல் மேல் வைத்து அணைத்துப் பிடியுங்கள். காரணமில்லாத அழுகை, தூங்கவே முடியாத தவிப்பு, பிள்ளையைப் பார்த்தாலே பயம் என்றால், வீட்டுக்கு வருகிற மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லுங்கள். அதுவும் உடம்பைச் சேர்ந்ததுதான்.

இனி, யாரும் வாய்விட்டுச் சொல்லாத சங்கதி. பிள்ளைக்குப் பால் கொடுக்க வருகிற ஒருத்தி என் காதுக்குள்தான் சொன்னாள்: "டீச்சர், கூடயத் தூக்குனா ஒண்ணுக்குப் போயிருது." இருமினால், தும்மினால், பள்ளத்தில் கால் வைத்தால் கசிகிறது. மலையில் கக்கூஸ் கிடையாது. அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. பிறகு நீர்க்கடுப்பு. இந்தச் சுழலில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், ஒருத்திக்கு இன்னொருத்தியைத் தெரியாது.

புள்ளக்காம்பராவில் நான் கட்டித் தொங்கவிடுகிற தொட்டில் சேலை மாதிரி, இடுப்பெலும்பின் அடியில் முன்னிருந்து பின்வரை ஒரு தசை கட்டியிருக்கிறது. மூத்திரப்பை, கருப்பை, மலக்குடல் எல்லாம் அதன் மேல்தான். பிரசவத்தில் அது தொய்ந்துபோகும். திருப்பி இறுக்குவதற்குக் காசும் வேண்டாம், இடமும் வேண்டாம். காற்றையும் மூத்திரத்தையும் ஒரே நேரத்தில் அடக்குவது போல உள்ளே மேல்நோக்கி இறுக்குங்கள். மூச்சை நிறுத்தாமல் ஐந்து வரை எண்ணுங்கள், பழகப் பழகப் பத்து வரை. பிறகு முழுசாகத் தளர விடுங்கள், தளர விடுவதும் பயிற்சியில் பாதி. இப்படிப் பத்துத் தடவை, நாளைக்கு மூன்று முறை. வயிறோ தொடையோ புட்டமோ இறுகினால் நீங்கள் வேறெதையோ இறுக்குகிறீர்கள். மூத்திரம் போகும்போது நிறுத்தி நிறுத்திப் பழக வேண்டாம். மடுவத்தில் (கொழுந்து நிறுக்கிற கொட்டகை) கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கிறபோது செய்தால் கணக்கப்பிள்ளைக்குக்கூடத் தெரியாது. கூடையைத் தூக்குவதற்கும் தும்முவதற்கும் ஒரு கணம் முன்னால் இறுக்கிக்கொள்ளப் பழகினால் கசிவு குறையும். பலன் தெரிய மூன்று மாதமாவது பிடிக்கும். அதற்குப் பிறகும் குறையவில்லை, அல்லது அடியில் ஏதோ இறங்குகிற மாதிரி இருக்கிறது என்றால் கிளினிக்கில் சொல்லுங்கள், அதற்கும் வைத்தியம் இருக்கிறது.

பிரசவ லீவு 84 நாள். முன்பு மூன்றாம் பிள்ளையிலிருந்து அது பாதியாகக் குறைந்துவிடும். 2018இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு எத்தனையாவது பிள்ளைக்கும் ஒரே கணக்கு. லீவு முடிந்து வருகிறவளுக்கு, பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை, ஒன்பது மணித்தியாலத்துக்குள் இரண்டு தடவை பால் கொடுக்க நேரம் தர வேண்டும். புள்ளக்காம்பரா இருக்கிற இடத்தில் தடவைக்கு அரை மணித்தியாலம், இல்லாத இடத்தில் ஒரு மணித்தியாலம். இது சலுகை இல்லை, சட்டம். பலருக்கு இது தெரியாததால் ஓடி வந்து ஓடிப் போகிறார்கள்.

அந்த அரை மணித்தியாலத்தைத்தான் நான் என் கையில் எடுத்துக்கொள்வேன். வந்தவுடன் கூடைக் கயிற்றைக் கழற்றி, கையைக் கழுவி, முதலில் ஒரு கோப்பை தண்ணீர். முதுகு சுவரில் சாய்ந்திருக்க வேண்டும், காலுக்குக் கீழே சின்ன முக்காலி, மடியில் மடித்த போர்வை. மார்பைப் பிள்ளையிடம் குனிந்து கொண்டுபோகாமல் பிள்ளையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும். இந்த ஒன்றை மாற்றினாலே பாதிக் கழுத்துவலி போய்விடும்.

பால் கொடுத்து முடிந்ததும் சுவர். குதிகாலைக் கொஞ்சம் முன்னால் வைத்து, புட்டமும் முதுகும் தலையின் பின்பக்கமும் சுவரில் ஒட்டுகிற மாதிரி நிற்க வேண்டும். தாடையை உள்ளே இழுத்து, இரண்டு கையையும் சுவரோடு ஒட்டி மெதுவாக மேலே உயர்த்தி இறக்க வேண்டும். ஆரம்பத்தில் பாதிப் பேருக்குக் கை தோளுக்கு மேலே போகாது. நாள் போகப் போகப் போகும்.

ஒருநாள் நாலு பேர் இப்படிக் கையைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் வரிசையாக நிற்கிறார்கள், வாசலில் கங்காணி எட்டிப் பார்த்தார். "என்னா டீச்சர், பொலிஸ் புடிச்சிருச்சா?" சிரிப்பில் ஒருத்தியின் பிள்ளை எழும்பி அழத் தொடங்கியது. விளக்கம் சொன்னேன். தனக்கும் வலது தோள் ரொம்ப நாளாகத் தூக்க முடியவில்லை என்றார். அவரையும் ஐந்தாம் ஆளாகச் சுவரில் நிறுத்தினேன். கை காதுவரைகூட வரவில்லை.